பல் எந்தப் பக்கம் தள்ளுகிறது?



கியர் கணக்கு என்றதும் நம் வகுப்பில் பாதிப் பேர் முகம் மாறிவிடும். கணக்கு கஷ்டம் என்பதால் அல்ல. பற்களின் எண்ணிக்கையை வகுத்தால் வேக விகிதம் வந்துவிடுகிறது. அதே விகிதத்தால் பெருக்கினால் டார்க் வந்துவிடுகிறது. இதற்கு எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். நாம் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. விடைக்கு முன்னால் போடுகிற கூட்டல், கழித்தல் குறி இருக்கிறதே, அதுதான்! "எந்தப் பக்கம் சுற்றுகிறது? எந்தப் பக்கம் முறுக்குகிறது? இரண்டும் ஒன்றா, வேறா?" என்று வைவாவில் கேட்டுவிட்டால் போதும், நாம் விரலால் காற்றில் வட்டம் போட ஆரம்பித்துவிடுவோம்.

அந்தக் குறி மாறினால் பரீட்சையில் ஒரு மார்க் போகும், அவ்வளவுதான். ஆனால் ஓடுகிற மெஷினில் எந்த பேரிங் தாங்குகிறது, எந்த போல்ட் இழுபடுகிறது, எது கழன்றால் ஆள் போவான் என்று சொல்வது அந்தக் குறிதான். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பாதி நம் வகுப்பறை. மீதி என் தாய்மாமாவின் கை வின்ச். சிவில், எலக்ட்ரிகல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கடைசியில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

மாமாவின் மிஷின்

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பாறை பூமி. கொஞ்சம் தோண்டினாலே கல். கிணறு என்றால் 60 அடி ஆழம் சாதாரணம். புதுக் கிணறு வெட்ட இன்ஜின் வைத்த கிரேன் வந்துவிட்டது. ஆனால் பழைய கிணற்றில் தூர் வாரவும், சரிந்து விழுந்த கல்லை எடுக்கவும், வண்டி போக வழியில்லாத காடுகளிலும் மாமாவின் குழு இன்னும் கை வின்ச்சைத்தான் கொண்டுபோகிறது. மொத்தம் ஏழு பேர். நான் டிப்ளமோ சேர்ந்தபோது கட்டிய முதல் ஃபீஸ், அந்த வின்ச் சுற்றிய காசு.

குழுவில் அதற்கு வின்ச் என்றெல்லாம் பெயர் கிடையாது. வெறும் "மிஷின்"தான். கிணற்று வாயில் குறுக்கே இரண்டு இரும்பு உத்தரம். அதன்மேல் ஆங்கிள் அடித்த ஒரு சட்டம். சட்டத்தில் ஒரு டிரம். டிரம்மிலிருந்து கம்பிக் கயிறு நேராகக் கிணற்றுக்குள் இறங்குகிறது. கயிற்று நுனியில் இரும்புத் தொட்டி. டிரம் ஷாஃப்டில் 90 பல் உள்ள பெரிய கியர். அதைச் சுற்றுவது 18 பல் உள்ள பினியன். பினியன் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கைப்பிடி, ஆளுக்கு ஒன்று. அதே ஷாஃப்டில் ஒரு ராட்செட் சக்கரமும், பின்னால் சுற்றாமல் தடுக்கிற கொக்கியும். (பாடப் புத்தகத்தில் இந்தக் கொக்கியின் பெயர் 'பால்'. குடிக்கிற பால் அல்ல!)

காயலான் கடையில் எடுத்த கியர்களை வைத்து டவுனில் ஒரு பட்டறையில் செய்து வாங்கியது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல உழைப்பு. பல வருஷமாக ஓடுகிறது. அந்தத் தொட்டியில் கல் மட்டும் ஏறி இறங்கவில்லை. காலையில் ஆட்கள் இறங்குவதும், சாயங்காலம் ஏறுவதும் அதில்தான். முதலில் இறங்குகிறவரும் கடைசியில் ஏறுகிறவரும் எப்போதும் மாமாதான்.

போன செமஸ்டர் லீவில் நான் அவர்களோடு பத்து நாள் இருந்தேன். வேலை, டீ வாங்கி வருவதும் கிரீஸ் போடுவதும். கிரீஸ் போடும்போதுதான் கண்ணில் பட்டது. பினியன் பக்கத்து பிளம்மர் பிளாக்கின் மேல் மூடிக்கு இரண்டு போல்ட் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. இன்னொரு ஓட்டையில் கட்டுக்கம்பியை விட்டு முறுக்கி வைத்திருந்தார்கள்.

"என்ன மாமா இது?"

"அது கெடக்குது மாப்ள. பாரம் பூரா கீழதான இழுக்குது? மூடிக்கு என்ன வேல? தூசி விழாம இருக்கத்தான்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பாரம் கீழே இழுத்தால் ஷாஃப்ட் கீழேதானே அமுங்க வேண்டும்? ஆனால் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மிஷினுக்கு எண்ணெய் விடுவது பல வருஷமாக அவர் பொறுப்பு. அவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "அந்தப் பக்கத்துப் புஷ்ஷு எப்பவும் மேல்பாதிதான் தம்பி தேயுது. கீழ்ப்பாதி புதுசாட்டம் இருக்கும். எண்ணெய் மேல நிக்கிறதில்ல போல."

எண்ணெய் காரணமாக இருக்கலாம். ஆனால் ஷாஃப்ட் மேலே போய் உரசினாலும் மேல்பாதிதான் தேயும். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், பாறை மேல் சுண்ணாம்புக் கட்டியால் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

முதலில் திசை

எண்ணுக்குள் குதிக்காமல் முதலில் திசையை மட்டும் பார்ப்போம். பெரிய கியர் நம்மைப் பார்க்கிற மாதிரி, மிஷினுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். பினியன், பெரிய கியருக்கு இடது பக்கம், அதே மட்டத்தில் இருக்கிறது. கயிறு டிரம்மின் வலது பக்கத்தில் இறங்குகிறது. கடைசி வரை நிற்கிற இடத்தை மாற்றாதீர்கள். பாதிக் கணக்கில் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால் வலஞ்சுழி இடஞ்சுழியாகிவிடும்!

பாரம், டிரம்மின் வலது ஓரத்தைக் கீழே இழுக்கிறது. ஆகவே பாரம் டிரம்மை வலஞ்சுழியாக, அதாவது கடிகார முள் போகிற பக்கம் முறுக்குகிறது. டிரம் நிற்க வேண்டும் என்றால் யாராவது அதை இடஞ்சுழியாக முறுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய பினியனின் பல்லை விட்டால் ஆள் கிடையாது. பினியன் தொடுகிற இடமோ பெரிய கியரின் இடது ஓரம். ஒரு சக்கரத்தின் இடது ஓரத்தைத் தொட்டு இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும் என்றால் எந்தப் பக்கம் தள்ள வேண்டும்? கீழே! சந்தேகம் இருந்தால் சைக்கிள் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கையால் தள்ளிப் பாருங்கள்.

ஆக, பினியனின் பல் பெரிய கியரின் பல்லைக் கீழே தள்ளுகிறது. இப்போது நியூட்டன் 1687-இல் எழுதி வைத்த மூன்றாம் விதி. பெரிய கியரின் பல், பினியனின் பல்லை அதே அளவு மேலே தள்ளுகிறது.

பாரம் கீழே இழுக்க, பினியன் மேலே போகப் பார்க்கிறது. அதைப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது எது? 'தூசி மூடி'!

இதில் எண்ணே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சக்கரத்தின் மேல் யார் யார் கை வைக்கிறார்கள், எந்த ஓரத்தில், எந்தப் பக்கம் என்று வரிசையாகக் கேட்டதோடு சரி. ஃப்ரீ பாடி டயக்ராம் என்று நம் ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதற்குத்தான். டிரம்மையும் கியரையும் ஒரு படமாக, பினியனையும் ஷாஃப்டையும் இன்னொரு படமாகத் தனித்தனியே வரைய வேண்டும். இரண்டையும் ஒட்டி வரைந்தால், பல்லும் பல்லும் தள்ளிக்கொள்வது உள்வீட்டுச் சண்டையாகிக் கண்ணுக்கே தெரியாது.

பிறகு அளவு

கல் நிரம்பிய தொட்டி 200 கிலோ என்று வையுங்கள். 9.81-ஆல் பெருக்கினால் 1962 நியூட்டன். டிரம்மின் ஆரம் 15 சென்டிமீட்டர். பாரம் டிரம்மில் கொடுக்கும் டார்க் 1962 பெருக்கல் 0.15, அதாவது 294 நியூட்டன் மீட்டர்.

கியரின் மாடியூல் 6. 90 பல்லுக்கு பிட்ச் விட்டம் 540 மில்லிமீட்டர், ஆரம் 0.27 மீட்டர். 18 பல்லுக்கு விட்டம் 108 மில்லிமீட்டர், ஆரம் 0.054 மீட்டர். டிரம்மின் டார்க்கைப் பெரிய கியரின் ஆரத்தால் வகுத்தால் பல்லின் தொடுகோட்டு விசை: 294 வகுத்தல் 0.27, சுமார் 1090 நியூட்டன். கிலோ கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 111 கிலோ. இதுதான் பினியனை மேலே தூக்குகிற விசை.

அந்த 1090-ஐப் பினியனின் ஆரத்தால் பெருக்கினால் 59 நியூட்டன் மீட்டர். விகிதம் 5 என்பதால் டார்க் ஐந்தில் ஒன்றாகிவிட்டது. கைப்பிடியின் நீளம் 40 சென்டிமீட்டர். 59-ஐ 0.4-ஆல் வகுத்தால் 147 நியூட்டன், அதாவது 15 கிலோ. இரண்டு பேர் பிடித்தால் ஆளுக்கு ஏழரை கிலோ. உராய்வைக் கணக்கில் சேர்த்தால் தூக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டு பேர் 200 கிலோவை அலட்சியமாகத் தூக்குவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இன்னொரு விசையும் உண்டு. பல்லின் பக்கம் நேர்செங்குத்தாக இல்லாமல் வளைந்திருப்பதால், இரண்டு கியரும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். பிரஷர் ஆங்கிள் 20 டிகிரி என்றால் அந்த விலக்கு விசை, தொடுகோட்டு விசையின் 0.364 மடங்கு. இங்கே சுமார் 397 நியூட்டன். அது பினியனை இடது பக்கம் தள்ளுகிறது. ஆக, பினியன் மேலேயும் போகப் பார்க்கிறது, விலகியும் போகப் பார்க்கிறது. பல்லை விட்டு நழுவ இதைவிட வசதி வேண்டுமா?

பினியனும் ஷாஃப்டும் கைப்பிடிகளும் சேர்ந்து 20 கிலோ எடை இருக்கலாம். சுற்றுகிற ஆட்களே கைப்பிடியைக் கீழே அமுக்கினாலும் இன்னொரு 15 கிலோ. 111-இலிருந்து 35-ஐக் கழித்தாலும் 76 கிலோ மேல்நோக்கி மிச்சம் இருக்கிறது. பினியன் ஷாஃப்டின் ஒரு முனைக்கு அருகிலேயே இருப்பதால் அதில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து மூடிக்குத்தான் போகிறது. அந்த மூடியைத்தான் ஒரு போல்ட்டும் ஒரு கட்டுக்கம்பியும் பிடித்துக்கொண்டிருந்தன.

டிரம் பக்கத்துக் கணக்கு சரியாக வருகிறதா? டிரம்மைக் கீழே இழுப்பவை இரண்டு: பாரம் 1962, பினியனின் தள்ளல் 1090. ஆகவே டிரம் பேரிங்குகள் 3052 நியூட்டன் மேல்நோக்கிக் கொடுக்க வேண்டும். பினியன் பேரிங் 1090 கீழ்நோக்கிக் கொடுக்கிறது. 3052-இல் 1090-ஐக் கழித்தால் 1962. தொட்டியின் பாரம் அப்படியே வந்துவிட்டது! டார்க்கையும் சரிபார்க்கலாம். பாரம் டிரம்மை 294 வலஞ்சுழியாக முறுக்குகிறது. ஆட்கள் பினியனை 59 முறுக்குகிறார்கள், அதுவும் வலஞ்சுழிதான். மொத்தம் 353. சட்டம் கொடுக்கிற எதிர் முறுக்கு எவ்வளவு? இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே தூரம் 0.324 மீட்டர். 1090-ஐ 0.324-ஆல் பெருக்கினால் 353, இடஞ்சுழியாக. கணக்கு பைசா சுத்தம்! சிவில் நண்பர்களே, இது உங்கள் சப்போர்ட் ரியாக்ஷன் கணக்கேதான். பீமுக்குப் பதில் பல்.

பிளேடு சொன்ன சாட்சி

கணக்கைக் காட்டினால் மாமா ஒத்துக்கொள்வாரா? "பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் மாப்ள வரும்" என்றார். நியாயம்தானே! எத்தனை பேப்பரைப் பார்த்திருப்பார்.

அதனால் பார்த்தே விடுவது என்று முடிவாயிற்று. கிணற்றுக்குள் ஒருவரும் இல்லை. கிணற்று வாயில் கனமான பலகைகளை அடுக்கி, அவற்றின் மேல் தொட்டியை வைத்துக் கல்லை நிரப்பினோம். கயிறு தொய்வாக இருக்கும்போது பினியன் ஷாஃப்டுக்கும் கீழ்ப் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு சவர பிளேடைச் செருகப் பார்த்தேன். போகவில்லை. ஷாஃப்ட் கீழே நன்றாக உட்கார்ந்திருந்தது. பிறகு கொக்கியைப் போடாமல், இரண்டு பேர் கைப்பிடியைச் சுற்றித் தொட்டியை ஓர் அங்குலம் தூக்கி நிறுத்திக்கொண்டார்கள். பிளேடை மறுபடியும் செருகினேன். வெண்ணெயில் போகிற மாதிரி உள்ளே போய்விட்டது! ஷாஃப்ட் மேலே எழும்பி, மூடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கம்பி கட்டிய பக்கம் மூடி லேசாக வாயைத் திறந்திருந்தது.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தொட்டியை இறக்கிய பிறகு பெரியவர் மட்டும், "அப்ப எண்ணெய் மேல குத்தமில்ல" என்றார்.

மாமா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பையனைக் கூப்பிட்டு, சைக்கிளில் டவுனுக்குப் போய் நான்கு போல்ட்டும் எட்டு நட்டும் வாங்கி வரச் சொன்னார். ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட்டு, ஒன்று இன்னொன்றைப் பூட்டுவதற்கு. அன்று அதற்குமேல் கிணற்றில் ஆள் இறங்கவில்லை.

அந்த போல்ட் கணக்கையும் பார்த்துவிடுவோம். 12 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு. 1090 நியூட்டன் முழுவதையும் இரண்டுக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 545. மரை உள்ள இடத்தில் பரப்பு சுமார் 84 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஆறரை நியூட்டன்தான். மைல்டு ஸ்டீலுக்கு இது கொசுக்கடி. இருந்தால் கவலையே இல்லாத போல்ட், இல்லாவிட்டால்தான் ஆபத்து. பல் உடையுமா என்று பார்க்க 1892-இல் வில்ஃப்ரெட் லூயிஸ் தந்த சமன்பாட்டை நாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். பல் உடையாமலே பினியன் எழும்பி விலகிவிட்டால் லூயிஸ் என்ன செய்வார், பாவம்!

கொக்கி எங்கே இருக்க வேண்டும்?

"பினியன் நழுவினா என்ன, கொக்கிதான் இருக்கே?" என்று நீங்கள் கேட்கலாம். குழுவிலும் ஒருவர் கேட்டார்.

கொக்கி இருந்தது பினியன் ஷாஃப்டில். பட்டறைக்காரர் அங்கே வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஷாஃப்டில் டார்க் 59தான். டிரம் ஷாஃப்டில் 294. ஐந்தில் ஒரு பங்கு டார்க்கைப் பிடிக்கச் சின்ன ராட்செட் போதும், செலவு குறைவு. ஆனால் பாரத்திலிருந்து கொக்கி வரைக்கும் வழியில் யார் யார் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கயிறு, டிரம், டிரம்மின் கீ, பெரிய கியரின் பல், பினியனின் பல், பினியனின் கீ, ஷாஃப்ட், பிறகுதான் ராட்செட். நடுவில் ஒருவர் கைவிட்டாலும் கொக்கி வேடிக்கை பார்க்கும். பினியன் விலகிவிட்டால் கொக்கி பினியன் ஷாஃப்டைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். டிரம் தன் இஷ்டத்துக்குச் சுற்றும்.

60 அடி தடையில்லாமல் விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 68 கிலோமீட்டர் வேகம். டிரம்மைச் சுழற்றுவதில் கொஞ்சம் சக்தி போகிறது என்று கழித்தாலும் இரண்டு, மூன்று விநாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

ராட்செட்டை டிரம்மின் விளிம்பிலேயே போல்ட் போட்டு வைத்தால் வழியில் கயிறும் டிரம்மும் மட்டுமே. ராட்செட்டின் ஆரம் 20 சென்டிமீட்டர் என்றால் கொக்கி தாங்க வேண்டியது 294 வகுத்தல் 0.2, அதாவது 1470 நியூட்டன், சுமார் 150 கிலோ. கொக்கியும் அதன் முளையும் கொஞ்சம் தடிமனாக வேண்டும், அவ்வளவுதான். ஆளை இறக்கும்போது கொக்கியைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்பதால், பட்டை பிரேக்கும் டிரம்மிலேயே இருக்க வேண்டும். பிடிக்கிற கை, பாரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதுதான் விதி.

கயிற்றை மாற்றிச் சுற்றினால்?

இந்த இடத்தில் குழுவில் ஓர் அண்ணன் சொன்ன யோசனை என்னை அசத்திவிட்டது. அவர் ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவர். "கயித்த டிரம்முக்கு அந்தப் பக்கமா இறங்குற மாதிரி சுத்திட்டா, பினியன் கீழ அமுங்கும் இல்ல?"

அமுங்கும்! நீங்களே போட்டுப் பாருங்கள். கயிறு டிரம்மின் இடது பக்கத்தில், பினியன் இருக்கிற பக்கமே இறங்கினால், பாரம் டிரம்மை இடஞ்சுழியாக முறுக்கும். பினியன் அதை வலஞ்சுழியாக முறுக்க வேண்டும். இடது ஓரத்தில் மேல்நோக்கித் தள்ள வேண்டும். மூன்றாம் விதிப்படி பினியன் கீழே அமுங்கும். மூடிக்கு நிஜமாகவே தூசி காக்கும் வேலைதான் மிஞ்சும். போனஸாக, டிரம் பேரிங்கின் பளு 3052-இலிருந்து 872-ஆகக் குறைந்துவிடும். அதே கியர், அதே பாரம். கயிறு இறங்குகிற பக்கம் மட்டுமே மாறியிருக்கிறது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கயிற்றை மாற்றிச் சுற்றினால் தூக்கும்போது எல்லாமே எதிர்ப்பக்கம் சுற்றும். பழைய ராட்செட் அப்படியே இருந்தால் தூக்கவிடாமல் தடுக்கும். விழும்போது தாராளமாக வழிவிடும்! ராட்செட்டையும் கொக்கியையும் திருப்பிப் போட்டாக வேண்டும். ஒரு திசையை மாற்றினால் அதோடு சேர்ந்த எல்லாத் திசையையும் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

தை மாதம் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு மாமா மூன்றையும் ஒன்றாகச் செய்தார். ராட்செட் டிரம்முக்குப் போயிற்று, திருப்பி வைக்கப்பட்டது, கயிறு மாற்றிச் சுற்றப்பட்டது. படத்தைப் பார்த்த பட்டறைக்காரர், பேரிங் மூடிக்கும் போல்ட்டை விடாமல் போட்டார். "பக்கம் மாறினாலும் பூட்டு பூட்டுதான்" என்றாராம்.

சுற்றும் திசை வேறு, முறுக்கும் திசை வேறு

வைவாக் கேள்விக்கு வருவோம். தொட்டியைத் தூக்கும்போது டிரம் ஒரு பக்கம் சுற்றுகிறது, இறக்கும்போது மறுபக்கம். ஆனால் பாரம் முறுக்குகிற திசை மாறுகிறதா? இல்லை! பாரம் எப்போதும் கீழேதான் இழுக்கிறது. ஆகவே பல்லில் அதே முகம்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது, பேரிங்கில் அதே பக்கம்தான் அழுத்துகிறது. மாறுவது ஒன்றே ஒன்று: தூக்கும்போது கையிலிருந்து பாரத்துக்குச் சக்தி போகிறது, இறக்கும்போது பாரத்திலிருந்து கைக்கு வருகிறது. இறக்கும்போது கைப்பிடியை நழுவவிட்டவன் கை முறிவது இதனால்தான்.

இதையே விதியாகச் சொன்னால்: ஓட்டுகிற கியர், ஓடுகிற கியரை அது சுற்றும் பக்கமே முறுக்கும். ஓடுகிற கியர், ஓட்டுகிற கியரை அது சுற்றும் திசைக்கு எதிராக முறுக்கும். வின்ச்சில் இறக்கும்போது ஓட்டுவது டிரம், ஓடுவது கைப்பிடி. யார் ஓட்டுகிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டால் குறி தானாக வரும்.

எலக்ட்ரிகல் நண்பர்களுக்குச் சொன்ன பங்கு இதோ. தனி மோட்டார், நடுவில் கியர் பாக்ஸ், அந்தப் பக்கம் லோடு. மோட்டார் 10 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது, விகிதம் 20 என்றால் வெளியே 200. கியர் பாக்ஸைத் தரையோடு பிடிக்கும் கால் போல்ட்டுகளுக்கு எவ்வளவு? இரண்டு ஷாஃப்டும் ஒரே பக்கம் சுற்றினால் 190. எதிரெதிராகச் சுற்றினால் 210. விகிதம் ஒன்றுதான், டார்க் ஒன்றுதான், திசைதான் வேறு. நீங்கள் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்து மோட்டாரைத் திருப்பி ஓட்டினால், இதுவரை இழுபட்ட பக்கத்து போல்ட் ஓய்வெடுக்கும். சும்மா இருந்த பக்கத்து போல்ட் இழுபடும். அந்தப் பக்கம் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள்.

கடைசியாக, பரீட்சைக்கும் வேலைக்கும் ஒன்றாக உதவுகிற ஐந்து படிகள்:

1. எங்கே நின்று பார்க்கிறோம் என்று எழுதிவிட்டு, கடைசி வரை அங்கேயே நில்லுங்கள்.

2. தெரிந்த முறுக்கிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அது லோடுதான்.

3. ஒவ்வொரு ஷாஃப்டையும் தனிப்படமாக வரையுங்கள். அது நிற்க வேண்டுமானால் பல் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கேளுங்கள்.

4. அடுத்த படத்தில் அதே விசையைத் திருப்பிப் போடுங்கள். விலக்கு விசையை மறக்காதீர்கள்.

5. பேரிங், மூடி, கால் போல்ட் ஆகியவற்றில் எது இழுபடுகிறது என்று விடையின் கீழே ஒரு வரி எழுதுங்கள்.

ஐந்தாவது படிக்கு மார்க் கிடையாது. கேள்வித்தாளில் அதைக் கேட்பதும் இல்லை. ஆனால் நாளைக்கு நாம் சூப்பர்வைசராக நிற்கப் போகிற இடத்தில், கீழே ஆள் இருக்கும்போது, படித்ததில் மிகவும் தேவைப்படப்போவது அந்த ஒரு வரிதான். மெஷின் ஓடுவதை எல்லோரும் பார்ப்பார்கள். அதைப் பிடித்து வைத்திருப்பது எது என்று பார்க்கத்தான் நமக்கு மூன்று வருஷம் சொல்லித் தருகிறார்கள்.

— ஓர் இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை